தவம் கீழே வைத்த கத்தி

1

இந்த நாட்டில் யாரையாவது புதிதாகச் சந்தித்தால், பெயரைக் கேட்ட கையோடு அவர்கள் அடுத்ததாகக் கேட்பது உன் பொழுதுபோக்கு என்ன என்பதைத்தான். நம்மூரில் எந்த ஊர், ஆருடைய மகன், என்ன குடி என்று கேட்டு ஆளை அளந்துவிடுவார்கள். இங்கே அந்த ஒரே கேள்விதான். மலையேறுவாயா, மீன் பிடிப்பாயா, கம்பளி பின்னுவாயா? ஒன்றுமில்லை என்று சொன்னால் நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். நான் வந்த புதிதில், மீன் பதனிடும் தொழிற்சாலைக்குக் கொடுத்த விண்ணப்பத்தில் பொழுதுபோக்கு என்ற கட்டத்துக்குள் 'வேலை' என்று எழுதினேன். அவர்களுடைய மொழியில் எனக்கு அப்போது தெரிந்ததே அவ்வளவுதான். மேற்பார்வையாளர் வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார், மறுநாளே வரச் சொன்னார். அன்றிலிருந்து அதே மீன், அதே பனிக்கட்டி, அதே இறப்பர் சப்பாத்து.

நாட்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் இந்த நாட்டில் இருக்கிற நம் ஆட்கள், இங்கே அப்படியெல்லாம் இல்லை என்று சண்டைக்கு வருவார்கள். மற்ற நாடுகளில் இருப்பவர்கள், நல்லவேளை நாங்கள் அங்கே போகவில்லை என்பார்கள். வடக்கே, குளிர்காலத்தில் பகல் சாப்பாடு முடியுமுன்னரே இருட்டிவிடுகிற ஒரு கடற்கரை ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன சனிக்கிழமை ஆர்னே வீட்டுக்கு வந்தார். ஓய்வுபெற்ற தச்சுவேலை ஆசிரியர், எங்கள் ஊர்க் கத்திச் சங்கத்தின் தலைவர். ஆமாம், கத்திச் சங்கம்தான். கத்தி செய்வதையும் சேர்ப்பதையும் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் வாரத்துக்கு ஒருமுறை பள்ளிக்கூடத்துப் பட்டறையில் கூடி, கோப்பி குடித்து, ஒருவர் செய்த கத்தியை மற்றவர் தடவிப் பார்த்துப் பாராட்டுகிற சங்கம். ஊரில் யாராவது கத்திச் சங்கம் வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தால் ஆமியின் அடுத்த சுற்றிவளைப்போடு ஆள் போயிருப்பார்.

சங்கத்தின் ஆண்டுவிழாவுக்குக் கண்காட்சி வைக்கிறார்களாம். அதற்கு அடித்த சுவரொட்டி ஒன்றைக் குழாய்போலச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார். மேசையில் விரித்தார். பெரிய நிறப் படம். தோல் ஏப்ரனோடு என் தம்பி தவம். கையில் சுத்தியல், முன்னால் சிவந்து கிடக்கிற இரும்பு. பக்கத்தில் குறட்டைப் பிடித்துக்கொண்டு நான். இரண்டு பேரும் பல் தெரியச் சிரிக்கிறோம். கீழே கொட்டை எழுத்தில் ஒரு வரி: 'நெருப்பில் நிம்மதி கண்டவர்.'

"நல்ல படம், இல்லையா?" என்றார் ஆர்னே. தம்பி செய்த கத்திகளையும் கண்காட்சிக்குத் தர வேண்டும் என்றார்.

இந்த நாட்டுக்காரர்கள் தவத்தை விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பி வருகிற மாதத்தோடு மூன்று வருடம் ஆகிறது. அனுப்பியதற்குக் காரணங்களில் ஒன்று இந்தப் படம். ஆர்னே கெட்ட மனிதர் அல்ல. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது. கெட்டவராக இருந்திருந்தால் சுவரொட்டியை அவர் முன்னாலேயே கிழித்துப் போட்டிருப்பேன். கோப்பி ஊற்றிக் கொடுத்தேன்.

2

தவம் என்கிற தவராசா எனக்கு நேரே இளையவன். வெல்லாவெளியில் எங்களுக்கு வயல் இருந்தது, வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், இறங்கிவிட்டால் அப்பாவையும் என்னையும்விட அவன்தான் நன்றாக வேலை செய்வான். ஆனாலும் மனம் முழுக்க இரும்பில் கிடந்தது. அது அவனுக்குத் தொழில் அல்ல. எங்கள் பரம்பரையில் யாரும் உலையைத் தொட்டதில்லை. சும்மா ஒரு கிறுக்கு. அறுவடை முடிந்து அடுத்த விதைப்புக்குக் காத்திருக்கிற நாட்களில் மற்றப் பொடியன்கள் கரப்பந்து அடிக்கப் போனால், இவன் உடைந்த ட்ரக்டர் பெட்டியின் வில்லுத்தகட்டைக் கழற்றிக்கொண்டு வருவான். கொட்டிலுக்குப் பின்னால் சிரட்டைக் கரி போட்டு, சைக்கிள் றிம்மைச் சுற்றி ஊதுகிற துருத்தி ஒன்றைத் தானாகவே செய்து, அடி அடி என்று அடிப்பான். முதிரைக் கட்டையில் பிடி. சில கத்திகளுக்கு மான்கொம்பு.

ஒரு பெட்டி நிறையச் சேர்த்தும் வைத்திருந்தான். ஏறாவூர்ச் சந்தையில் யாரோ ஒரு முஸ்லிம் காக்காவிடம் கெஞ்சி வாங்கிய மடக்குக் கத்தி. கரடியனாற்றில் ஒரு வேட்டைக்காரனிடம் மாற்றிக்கொண்ட தோலுரிக்கிற கத்தி. கூர் மழுங்கிப்போன பழைய தாக்கத்திகள், அதாவது நெல் அறுக்கிற அரிவாள்கள். அப்பாவுக்கு இது பிடிக்காது.

"சோறு போடுற தாக்கத்தியத் தூக்கிப் பெட்டிக்குள்ள பூட்டி வெச்சிருக்கான். இவனுக்கு ஆரு பொண்ணு குடுப்பா?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார்.

கத்தி விஷயத்தில் தவம் ஒரு முறை தவறமாட்டான். எங்கள் பக்கத்தில் கத்தியைக் கைக்குக் கை கொடுப்பதில்லை. கொடுத்தால் இரண்டு பேருக்கும் நடுவில் பகை வந்துவிடும். கொடுக்கிறவர் நிலத்தில் வைப்பார், மற்றவர் குனிந்து எடுப்பார். எடுத்த பிறகுதான் அது எடுத்தவருடையது. மற்ற வீடுகளில் அவசரத்துக்கு இதை மறந்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் தவம் மறக்க விடமாட்டான். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போது, இந்தா பிடி என்று கத்தியை நீட்டினால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான்.

"கீழ வையுங்கம்மா."

"உன்ட பொண்டாட்டி குனிஞ்சி குனிஞ்சியே இடுப்பு முறிஞ்சி போவாடா" என்று அம்மா திட்டிக்கொண்டே வைப்பாள்.

நான் அவனைக் கேலி செய்வேன். இரும்பை இவ்வளவு நேசிக்கிறவன் ஏன் அதற்கு இவ்வளவு பயப்படுகிறாய் என்று கேட்பேன். பயமில்லை, மரியாதை என்பான். அந்த வயதில் எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

3

தொழிற்சாலைச் சாப்பாட்டறையில் அந்தச் சுவரொட்டியை ஒட்டியிருக்கிறார்கள். திங்கட்கிழமை நான் போனபோது மீன்தலை வெட்டுகிற பிரிவில் வேலை செய்யும் பெண் ஒருத்தி, உன் தம்பி சினிமா நடிகர்போல இருக்கிறார், இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டாள். ஊரில் என்றேன். அங்கே வெயில் நன்றாக இருக்குமே என்றாள்.

இனி நான் சொல்வது, நான் இங்கே வந்துவிட்ட பிறகு நடந்தது. அவன் வாயால் கேட்டதைத்தான் சொல்கிறேன்.

எங்கள் வாவி நடுவில் கிடக்கிறது. அதற்குக் கிழக்கே கடற்கரையோடு இருப்பது எழுவான்கரை, மேற்கே வயலும் காடுமாக இருப்பது படுவான்கரை. அந்த வருடங்களில் எழுவான்கரை ஆமியிடம், படுவான்கரை இயக்கத்திடம். நடுவில் பாலத்தடியில் சோதனைச்சாவடி. பற்றறி கொண்டுபோகக் கூடாது, வயலுக்குப் போடுகிற பசளை கொண்டுபோகக் கூடாது. எதைக் கொண்டுபோகலாம் என்பது அன்றைக்குக் காவலில் நிற்கிறவனின் மனநிலையைப் பொறுத்தது.

அப்படிப்பட்ட காலத்திலும் எங்களவர்கள் கூத்தை விடவில்லை. படுவான்கரையில், எங்கள் வெல்லாவெளியில் பழகிய ஒரு வடமோடிக் கூத்தை எழுவான்கரையில் இருக்கிற தேற்றாத்தீவுக் கோயிலில் ஆடுவதாக ஏற்பாடு. கூத்து வாள் வழக்கமாக மரத்தில் செய்து மினுக்கத்தாள் ஒட்டியது. இரண்டு ராசாக்கள் வாளோடு மோதினால் விறகுக் கட்டை தட்டுவதுபோலத்தான் கேட்கும். கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் தவத்திடம் வந்து, இந்தமுறை சத்தம் வரவேண்டும் தம்பி, சனம் நிமிர்ந்து உட்கார வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அது போதும் இவனுக்கு. பழைய எண்ணெய்ப் பீப்பாயின் வளையப் பட்டிகளை நிமிர்த்தி அடித்து, பிடி போட்டு, சிவப்புத் துணி சுற்றி, ராசாவுக்கும் மந்திரிக்கும் தளபதிக்குமாக வாள்கள் செய்தான். விளிம்பை உருட்டி விட்டிருந்தான். தேசிக்காய்கூட வெட்டாது.

கூத்துக்காரர்கள் முதல்நாளே போய்விட்டார்கள். இவன் கடைசி வாளுக்குப் பிடி போட்டு முடித்து, எல்லாவற்றையும் பாயில் சுற்றி, சைக்கிளில் கட்டிக்கொண்டு தனியாகப் பாலத்துக்கு வந்தான். பாயை அவிழ்க்கச் சொன்னார்கள். அவிழ்த்தான்.

"இது ஆருக்கு?" என்று கொச்சைத் தமிழில் கேட்டானாம் ஒருவன்.

"ராசாவுக்கு" என்றானாம் தவம். வேறு என்ன சொல்வான்? அதுதானே உண்மை. பிறகு கூத்து என்றான், கோயில் என்றான், தன் கழுத்தில் வாளை வைத்து இழுத்துக் காட்டி, வெட்டாது பாருங்கள் என்றான்.

கூத்தா, அப்படியானால் ஆடு என்றார்கள்.

இவன் வாள் செய்கிறவன். ஆடுகிறவன் அல்ல. சின்ன வயதில் கூத்துக் களரியில் இரண்டு நாள் நின்றுவிட்டு, கால் வரவில்லை என்று அண்ணாவியாரே அனுப்பிவிட்ட ஆள். வாளைக் கையில் கொடுத்து வெயிலில் நிறுத்தினார்கள். கையில் கொடுத்தார்கள் என்பதை அவன் என்னிடம் தனியாக எடுத்துச் சொன்னான். தா தெய் என்று இரண்டு அடி வைத்தான். மூன்றாவது அடியில் தாளம் தவறி, கால் பின்னி விழுந்தான். சாவடியில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் அவர்களில் பெரியவன் வந்து, இவனுக்குக் கூத்துத் தெரியாது, சொல்வது பொய், வாள் இயக்கத்துக்குத்தான் என்று முடிவு சொன்னான். கைகளைத் திருப்பிப் பார்த்தார்கள். சுத்தியல் பிடித்த காய்ப்பு. முன்கையில் பொறி விழுந்த புள்ளித் தழும்புகள். பயிற்சி எடுத்த கை என்றார்கள்.

ஒரு போகம் விதைத்து அறுக்கிற காலம் முகாமில் வைத்திருந்தார்கள். உள்ளே நடந்ததை நான் விரித்து எழுதப்போவதில்லை. ஒன்றை மட்டும் எழுதாமல் இருக்க முடியாது. அவன் செய்த கூத்து வாள் ஒன்றையே நெருப்பில் பழுக்க வைத்து, தட்டையாக அவன் முதுகில் வைத்தார்கள். ஒருமுறை அல்ல. எல்லாத் தழும்பும் ஒரே அகலம், வாளின் அகலம்.

4

விட்டார்கள். அதன்பிறகு ஊரில் நிற்கப் பயந்து அங்குமிங்கும் ஒளிந்து திரிந்து, கடைசியில் ஒருவழியாக இங்கே வந்து சேர்ந்தான். அகதிகள் விடுதியில் அறை கொடுத்தார்கள். வேலை செய்யக் கூடாது, படிக்கக் கூடாது, தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். வார இறுதியில் எங்கள் வீட்டுக்கு வருவான். கதிரையில் உட்கார்ந்து சன்னலுக்கு வெளியே பனி கொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். என் மனைவி மலர் சோறு போட்டுக் கொடுத்தால் சாப்பிடுவான், கொடுக்காவிட்டால் கேட்கமாட்டான். ஊரில் எங்களையெல்லாம் விரட்டி விரட்டி வேலை வாங்கிய ஆள்.

என் மகள் ஆரணிக்கு அப்போது பதினாறு வயது. இங்கேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், ஆனால் நாங்கள் பேசுகிற தமிழை அவள் பேசினால் வானொலிச் செய்திபோல இருக்கும். தகப்பனும் தாயும் சொன்னால் கேட்காதவள் சித்தப்பாவோடு மட்டும் ஒட்டிக்கொண்டாள். உங்கள் பொழுதுபோக்கு என்ன என்று இந்த நாட்டுப் பிள்ளையாக அவனிடம் கேட்டதும் அவள்தான். கத்தி செய்வது என்றான். அடுத்த வாரமே அவனை ஆர்னேயிடம் கூட்டிக்கொண்டு போனாள். ஆர்னே அவளுடைய பழைய ஆசிரியர்.

முதல் நாள் நானும் கூடப் போனேன். ஆர்னே தான் செய்த கத்தியை, பிடி இவன் பக்கம் வரும்படி மரியாதையாக நீட்டினார். தவம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். அவர் இன்னும் கொஞ்சம் நீட்டினார். இவன் தரையைக் காட்டினான். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் வெட்கத்தோடு விளக்கம் சொன்னேன். ஆர்னே சத்தமாகச் சிரித்துவிட்டு, முழங்கால் வலியோடு குனிந்து கத்தியைத் தரையில் வைத்தார். தவம் குனிந்து எடுத்தான். அன்றிலிருந்து அந்தச் சங்கத்தில் எல்லோரும் கத்தியைத் தரையில்தான் வைத்தார்கள். தமிழ் முறை என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். இந்த நாட்டுக்காரர்களோடு எனக்குப் பிடித்த நாட்கள் என்று சொன்னால் அவைதான்.

உலை ஒன்றை ஆர்னே எங்கள் கராஜுக்கே தந்துவிட்டார். தவம் அங்கே கத்தி அடிப்பான், நான் குறடு பிடிப்பேன், முடித்ததை அவன் நிலத்தில் வைப்பான், நான் எடுத்துச் சுவரில் மாட்டுவேன். அப்படித்தான் நானும் கத்தி சேர்க்கிறவன் ஆனேன். அவனுக்குப் பேச்சு வந்தது. பகிடி வந்தது. மலரிடம் புளிக்கறி கேட்டுச் சாப்பிட்டான். அந்தச் சிரிப்பைத்தான் ஆரணி படம் பிடித்தாள். ஊர்ப் பத்திரிகையில் இளைஞர் பக்கத்துக்கு அனுப்பினாள். 'நெருப்பில் நிம்மதி கண்டவர்' என்று தலைப்புப் போட்டு முழுப் பக்கத்தில் வெளியிட்டார்கள். ஆரணி ஓடிவந்து காட்டினாள்.

"பாருங்கள் சித்தப்பா, இனி உங்களை எல்லோருக்கும் தெரியும். இனி உங்களை அனுப்ப மாட்டார்கள்."

இந்த நாட்டைப் பற்றி அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தது அவ்வளவுதான்.

5

முதல் விசாரணையில் அவனுடைய கதையை நம்பவில்லை என்று சொல்லிவிட்டார்கள். மேன்முறையீட்டுக்கு ஒரு சட்டத்தரணி அம்மாவைப் பிடித்தோம். மருத்துவரிடம் காட்டினோம். தழும்புகள் சித்திரவதையால் வந்தவையாக இருக்கலாம் என்று அவர் எழுதிக் கொடுத்தார். 'இருக்கலாம்' என்ற சொல்லை இந்த நாட்டு அரசாங்கக் கந்தோர்கள் எப்படிப் பிடித்துக்கொள்ளும் என்று எனக்கு அப்போது தெரியாது.

விசாரணை அறையில் கத்தவில்லை, மிரட்டவில்லை. தண்ணீர் வேண்டுமா, இடைவேளை வேண்டுமா என்று கேட்டுக் கேட்டு நடத்தினார்கள். தலைமை தாங்கியது நரைத்த தலையோடு ஒரு பெண். குரலை உயர்த்தவே மாட்டார். பத்திரிகைப் பக்கத்தை எடுத்து மேசையில் வைத்தார். மொழிபெயர்ப்பாளர் அவருடைய கேள்விகளைத் தமிழில் சொன்னார்.

"இந்தப் படத்தில் இருப்பது நீங்களா?"

"ஓம், நான்தான்."

"சிரிக்கிறீர்கள்."

"ஓம், சிரிக்கிறன்."

"பழுக்கக் காய்ச்சிய இரும்பால் முதுகில் சுட்டார்கள் என்று சொல்கிறீர்கள். அப்படிச் சுடப்பட்ட ஒருவர், தன் விருப்பத்தின்பேரில், பொழுதுபோக்காக, பழுக்கக் காய்ச்சிய இரும்பின் அருகே போவாரா?"

தவம் மொழிபெயர்ப்பாளரைப் பார்க்காமல் அந்தப் பெண்ணைப் பார்த்தே சொன்னான்.

"அங்க இரும்பு அவன்ட கையில கிடந்த. இஞ்ச என்ட கையில கிடக்கு. அவ்வளவுதான் அம்மா."

மொழிபெயர்ப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அப்படியே சொன்னார். அந்தப் பெண்ணும் அப்படியே எழுதிக்கொண்டார். என்னையும் சாட்சி சொல்ல விட்டார்கள். நான் சேட்டுக் கையை மடித்து என் முன்கையைக் காட்டினேன். உலையில் வேலை செய்தால் காயம் இங்கேதான் வரும், யாரும் முதுகைக் காட்டிக்கொண்டு இரும்பு அடிப்பதில்லை என்றேன். நன்றி என்றார். அதையும் எழுதிக்கொண்டார்.

சில வாரங்களில் தீர்ப்பு வந்தது. சட்டத்தரணி அம்மா தொலைபேசியில் வாசித்தார். மனுதாரர் நீண்ட காலமாக உலோகவேலையைப் பொழுதுபோக்காகக் கொண்டவர். முதுகிலுள்ள அடையாளங்களின் அகலம் அவர் செய்யும் பொருட்களின் அகலத்தோடு பொருந்துகிறது. ஆகவே அவை பட்டறை விபத்தில் ஏற்பட்டிருக்கலாம். நெருப்பின்மீது அவருக்கு அச்சம் காணப்படவில்லை. மேலும் அவருடைய நாட்டில் இப்போது போர்நிறுத்தம் நிலவுகிறது.

அங்கே பட்டறைக் காயத்தைப் பார்த்து இயக்கத்தின் முகாமில் பழகியவன் என்றார்கள். இங்கே ஆமி முகாமில் பட்ட காயத்தைப் பார்த்துப் பட்டறையில் பட்டது என்கிறார்கள். என் தம்பி எந்த நாட்டில் எந்தக் காயத்தைக் காட்ட வேண்டும் என்று யாராவது முதலிலேயே சொல்லியிருக்கலாம். தொலைபேசியை வைத்துவிட்டு நான் அழவில்லை. ஆத்திரத்தில் கதவைக் குத்தியதில் விரல் வீங்கி, அடுத்த வாரம் மீன் பெட்டி தூக்க முடியவில்லை.

ஆரணி அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள். உன்னுடைய படம் இல்லாவிட்டாலும் அவர்கள் வேறொன்றைக் கண்டுபிடித்திருப்பார்கள் என்று மலர் கதவுக்கு வெளியே நின்று சொன்னாள். தவமும் போய்ச் சொன்னான். "நீ நல்லாத்தான் எடுத்த மகள். எனக்கு அப்பிடி ஒரு படம் ஊரிலயும் இல்ல." அவள் அதன்பிறகு கமராவைத் தொடவில்லை.

6

அவர்கள் வந்தது ஒரு சனிக்கிழமை காலை. நான் கராஜ் வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். தவம் உள்ளே ஒரு கத்திக்குப் பிடி தேய்த்துக்கொண்டிருந்தான். இந்த நாட்டு பேர்ச் மரத்தில் பிடி, ஆனால் அலகு நம்மூர் வளைவு. எனக்கென்று செய்வதாக என்னிடம் சொல்லியிருந்தான். மற்றக் கத்திகளெல்லாம் சுவருக்கு, இது உங்களுக்கு என்றான்.

பொலிஸ் கார் வந்து நின்றது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இறங்கினார்கள். பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். தன் பெயர் கேட்டதும் தவம் வாசலுக்கு வந்தான், கையில் கத்தியோடு. வேலையின் நடுவில் எழுந்து வந்தவன், கையில் இருந்ததை அவன் நினைக்கவில்லை. இரண்டு பேரும் பின்வாங்கினார்கள். ஒருவரின் கை இடுப்புக்குப் போனது.

"கத்தியைக் கீழே வை! கீழே வை!"

அந்த மொழியில் தவம் நன்றாகப் படித்துவைத்திருந்த சொற்கள் அவை. சங்கத்தில் வாராவாரம் கேட்டவை. மெதுவாகக் குனிந்தான். கத்தியை நிலத்தில் வைத்தான். வழக்கம்போல, பிடி என் பக்கம் வரும்படி திருப்பி வைத்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"எடுங்க அண்ணே" என்றான்.

நான் ஓர் அடி வைத்தேன். தொடாதே, அங்கேயே நில் என்று அந்தப் பெண் கத்தினாள். நான் நின்றேன். அவளுடன் வந்த பொலிஸ்காரர் சப்பாத்துக் காலால் கத்தியைத் தள்ளினார். அது சீமெந்துத் தரையில் வழுக்கிக்கொண்டு போய் வேலைமேசைக்குக் கீழே நின்றது. தவம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். காரில் ஏற்றும்போது என்னிடம், "மறுகா எடுத்து வையுங்க. துரு பிடிச்சிரும்" என்றான்.

மலர் சால்வையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தபோது கார் திருப்பத்தைத் தாண்டிவிட்டது.

7

கொழும்பிலிருந்து ஒருமுறை பேசினான். பிறகு வெல்லாவெளியிலிருந்து பேசினான். வட்டையில் இறங்கியிருக்கிறேன், இந்தமுறை வெள்ளாமை பரவாயில்லை என்றான். கத்தியை எடுத்தீர்களா என்று கேட்டான். இன்னும் இல்லை என்றேன். கொஞ்ச நாளில் தீர்ப்பில் எழுதிய போர்நிறுத்தம் காற்றோடு போயிற்று. ஆமி படுவான்கரைக்கு ஷெல் அடிக்கத் தொடங்கியது. சனம் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு எழுவான்கரைக்கு நடந்தது.

எங்கள் தங்கை வசந்தா அவனோடு நடந்தவள். கோயில் மண்டபம் ஒன்றில் இடம்பெயர்ந்து இருக்கும்போது யாருடையதோ தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, பாலத்தடியில எல்லாரையும் வரிசையில விட்டானுகள். ஆம்பிளையளச் சேட்டுக் கழட்டச் சொன்னானுகள். சின்னண்ணனும் கழட்டினான். அங்கால திரும்பு எண்டானுகள். கிறுகி நிண்டான். முதுகப் பாத்தானுகள்."

"பாத்து? என்ன கேட்டவங்க?"

"ஒண்டும் கேக்கல்ல அண்ணே. பேரக்கூடக் கேக்கல்ல. இஞ்சால வா எண்டு ஆள இழுத்துப் போட்டானுகள். மறுகா நாங்க காணல்ல. கேட்டா அப்பிடி ஒராள் இஞ்ச இல்ல எண்டுறானுகள்."

அதே பாலம். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

இந்த நாட்டில் மருத்துவர் பார்த்தார், சட்டத்தரணி பார்த்தார், மூன்று பேர் மேசை போட்டு உட்கார்ந்து, தண்ணீர் குடித்துக் குடித்துப் பார்த்தார்கள். நம்ப முடியவில்லை. பாலத்தடியில் நின்றவர்களுக்கு ஒரு பார்வை போதுமாக இருந்தது. உலகத்திலேயே என் தம்பியின் முதுகை ஒரு சொல்லும் கேட்காமல் முழுதாக நம்பியவர்கள் அவர்கள் மட்டும்தான். இந்த நாட்டுக் கந்தோருக்கு எழுதிக் கேட்டேன். அவர் இப்போது எங்கள் பொறுப்பில் இல்லை என்று பதில் வந்தது, மரியாதையான வசனங்களில்.

ஆரணி இப்போது தலைநகரில் படிக்கிறாள். வீட்டுக்கு வருவது குறைந்துவிட்டது. தொலைபேசியில் இந்த நாட்டு மொழியில்தான் பேசுவாள், மலர் தமிழில் கேட்டாலும் அதில்தான் பதில். வைக்கும்முன் ஒரு கேள்வி மட்டும் தமிழில் வரும்.

"அப்பா, சித்தப்பாவின் கத்தி?"

"அங்கதான் கிடக்கு மகள்."

"சரி."

நேற்று மறுபடி சனிக்கிழமை. கத்திகளை எடுத்துப்போக ஆர்னே வந்தார். அந்த வரியை எடுத்துவிட்டால் தருகிறேன் என்று போன தரமே சொல்லியிருந்தேன். சுவரொட்டி எல்லாம் அடித்து ஒட்டியாகிவிட்டது, அதன்மேல் வெள்ளைத் தாள் ஒட்டிவிடுகிறேன் என்றிருந்தார். வாரத்துக்குள் ஒட்டியும்விட்டார். சாப்பாட்டறை வெளிச்சத்தில் தாளுக்குக் கீழே எழுத்து நன்றாகவே தெரிகிறது. ஆனாலும் சுவரில் இருந்த கத்திகளை எல்லாம் கழற்றி, தமிழ் முறையில் ஒவ்வொன்றாகத் தரையில் வைத்தேன். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் அடுக்கினார். நான் கொடுத்தால் மனிதர்கள் பார்ப்பார்கள். பார்க்கத்தானே அவன் செய்தான்.

கடைசியில் குனிந்தபோது வேலைமேசைக்குக் கீழே கிடப்பதைக் கண்டுவிட்டார். கையை நீட்டினார்.

"தொடாத!" என்று நான் தமிழில் கத்தினேன்.

ஆர்னே கையை இழுத்துக்கொண்டார். அலகில் துரு ஏறியிருந்தது. அவர் அதைப் பார்த்தார், பிடி வெளிப்பக்கம் திரும்பியிருப்பதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இந்த முறையை அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே தவம்தானே.

"இது யாருக்காக வைத்தது?" என்று மெல்லக் கேட்டார்.

"எனக்கு."

"நீ ஏன் இன்னும் எடுக்கவில்லை?"

அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். எடுத்த பிறகுதான் அது எடுத்தவருடையது. அதை நான் எடுத்துவிட்டால், தவம் தரவேண்டியதைத் தந்து முடித்துவிட்டுப் போய்விட்டான் என்று ஆகிவிடும். துரு பிடிக்கட்டும், அலகை முழுதும் தின்று தீர்க்கட்டும். அவன் வந்து இதே இடத்தில் நின்று எடுங்க அண்ணே என்று இன்னொரு தரம் சொல்லட்டும். எடுக்கிறேன்.